மெக்சிகோவிலிருந்து வந்த சிவப்பு

கோரைக்குடியில் அந்தக் கோடை முழுக்க எல்லோரும் ஒரு வைக்கோல் போரைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். தங்கத்தை அல்ல, வைரத்தை அல்ல, வைக்கோலை! பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி வருகிற வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். கோரைக்குடியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருக்கிறது, கேளுங்கள். அறுவடையின்போது கதிரை அடித்தால் எல்லா நெல்லும் உதிர்ந்துவிடாது. கொஞ்சம் நெல் வைக்கோலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வைக்கோலை வீடு உயரத்துக்குக் குவித்து, போராகப் போட்டு வைப்பார்கள். கோடையில் அதைப் பிரித்துப் பரப்பி, மாடுகளைச் சுற்றிச் சுற்றி மிதிக்க விட்டால் மிச்ச நெல்லும் உதிரும். அதற்குப் போர் நெல் என்று பெயர். அடுத்த விளைச்சல் வரும்வரை பல வீடுகளில் உலை கொதிப்பது அந்த நெல்லால்தான்.

எண்பத்திரண்டாம் வருடம் அந்தப் போர் நெல் யாருக்கு என்று சண்டை வந்துவிட்டது. நிலம் மிராசுதார் சாமிதுரையுடையது. அதைக் குத்தகைக்கு உழுதவர்கள் கிழக்குத் தெருக்காரர்கள்.

“வைக்கோல் என்னோடது. அதுல ஒட்டியிருக்கிற நெல்லும் என்னோடது” என்றார் சாமிதுரை.

“உழுததும் நாங்க, நட்டதும் நாங்க, அறுத்ததும் நாங்க. பாதி எங்களுக்கு வேணும்” என்றது கிழக்குத் தெரு.

பேச்சு முற்றியது. ஒருவர் மண்டை உடைந்தது. போலீஸ் வேன் வந்தது. கடைசியில் தாசில்தார் வந்து ஒரு கட்டளை போட்டார்.

“வெள்ளிக்கிழமை வந்து முடிவு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் போரைத் தொடக் கூடாது. தொட்ட பக்கத்துக்கு ஒரு மணி நெல் கிடையாது!”

அன்றிலிருந்து போருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள், இந்தப் பக்கம் ஒரு ஆள் என்று காவல். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை.

விண்ணரசிக்கு வயது பதினொன்று. அவள் அப்பா பெரியநாயகசாமியும் குத்தகைக்காரர்தான். ஒருநாள் இரவு அவள் படுத்திருந்தபோது அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

“அருள்மேரி, இந்த நெல்லு வரலேன்னா திருப்பூர் போயிட வேண்டியதுதான். பனியன் கம்பெனியில வேலை இருக்காம். பிள்ளையும் வந்தா ரெண்டு ஆள் சம்பளம்.”

விண்ணரசி எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பையைப் பார்த்தாள். ஜூன் மாதம் அதை யார் எடுப்பார்கள்? அவள் பெஞ்சில் பக்கத்து இடத்தில் உட்காரும் வேம்பு இது தெரிந்தால் என்ன ஆவாள்?

வேம்புவிடம் சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் வேம்பு மிராசுதார் சாமிதுரையின் மகள். சண்டை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பேரும் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

கிழக்குத் தெரு முனையில் ஒரு படிப்பகம் இருந்தது. கூரைக்கு மேல் இரண்டு கொடிகள். ஒன்று சென்னையில் ஆட்சி நடத்தும் கட்சியுடையது, இன்னொன்று எதிர்க்கட்சியுடையது. இரண்டிலும் கறுப்பும் சிவப்பும் இருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர், தஞ்சாவூர் பஸ்ஸில் வருகிற ஒரு செய்தித்தாள். விடுமுறை நாட்களில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது விண்ணரசியின் வேலை. விவசாயச் சங்கத் தலைவர் மருதையன் முன்னால் உட்கார்ந்து கேட்பார். படிக்கத் தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அன்று அவள் ஒரு மூலையில் இருந்த சிறிய செய்தியைப் படிக்க ஆரம்பித்தாள்.

“மெக்சிகோ நாட்டில் சென்ற மாதம் வெடித்த எரிமலையின் புகை, மழை மேகங்களுக்கும் மேலே வெகு உயரத்துக்குச் சென்று, உலகத்தையே சுற்றி வருகிறது என்று விஞ்ஞானிகள்…”

“நிறுத்தும்மா” என்றார் மருதையன். “மெக்சிகோவுல மலை வெடிச்சா நம்ம வாய்க்கால்ல தண்ணி வருமா?”

எல்லோரும் சிரித்தார்கள். “நெல்லு விலை என்ன போட்டிருக்கான், அதைப் படி” என்றார் ஒருவர்.

விண்ணரசி நெல் விலையைப் படித்தாள். ஆனால் எல்லோரும் எழுந்து போன பிறகு அந்த மூலைச் செய்தியை மறுபடி எடுத்து முழுக்கப் படித்தாள். அவளுக்கு எதையும் பாதியில் விட்டால் தூக்கம் வராது.

சாம்பல் சீக்கிரம் கீழே விழுந்துவிடுமாம். ஆனால் எரிமலையிலிருந்து வந்த வாயு மேலே போய், கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக மாறிவிடுமாம். அந்த உயரத்தில் மழை கிடையாது. அதனால் அதைக் கழுவிக் கீழே கொண்டுவர ஆளில்லை. வருடக் கணக்கில் மிதந்துகொண்டே இருக்குமாம். வெயிலைக் கொஞ்சம் தடுப்பதால் உலகம் சற்றே குளிரலாம். உச்சியில் இழை இழையாக மிதக்கும் பனி மேகங்களையும் அது மாற்றுமா என்று ஆராய்கிறார்களாம்.

‘அடேயப்பா!’ என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்து வைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

மறுநாள் விடியும்போது கிழக்குத் தெருவே அலறி எழுந்தது.

களத்தில் ஒரே கூச்சல். விண்ணரசி அப்பாவின் பின்னால் தென்னந்தோப்பு வழியாக ஓடினாள். போர் நின்ற களம் ஊருக்கு நடுவில் இருந்தது. களத்துக்குக் கிழக்கே தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் அவர்கள் தெரு. களத்துக்கு மேற்கே அடர்ந்த மூங்கில் கொத்து, அதைத் தாண்டினால் மிராசுதார் இருக்கும் மேலத்தெரு. தோப்பும் மூங்கிலும் மறைத்ததால் எந்தத் தெருவிலிருந்தும் போரைப் பார்க்க முடியாது.

அங்கே காவலுக்கு இருந்த ஜேசுராஜ் சித்தப்பாவை மிராசுதாரின் ஆட்கள் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். சாமிதுரையின் காரியக்காரர் துரைராசு சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தார்.

“எங்க காவல்காரன் கண்ணசந்த நேரம் பார்த்துப் போருக்கு நெருப்பு வெச்சிருக்கான்யா! நாங்க வர்றதைப் பார்த்து அணைச்சிருக்கான். கையைப் பாருங்க, ஈரம்!”

“மூஞ்சி கழுவினா கை ஈரமா இல்லாம காஞ்சா இருக்கும்?” என்று கத்தினார் சித்தப்பா. “அடிபம்புக்குப் போயிட்டு வர்றேன்யா நான்!”

“கிழக்கே வானமே செவந்து கிடந்துச்சு. எங்க தெருவே பார்த்துச்சு” என்றார் சாமிதுரை. முகம் கடுகடுவென்று இருந்தது.

மருதையன் போரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். “எங்க எரிஞ்சிருக்கு? ஒரு வைக்கோல் கருகியிருக்கா, காட்டுங்க. சும்மா பழி போட்டு எங்க பங்கை முழுங்கப் பாக்குறீங்க!”

வார்த்தை தடித்தது. அப்பா சித்தப்பாவை இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கே ரத்தம் சிந்தியிருக்கும்.

“இனிமே உங்க ஆள் இங்க நிக்கக் கூடாது” என்றார் சாமிதுரை.

“அப்ப உங்க ஆளும் நிக்கக் கூடாது” என்றார் மருதையன்.

ஆக, பெரிய மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்ன தெரியுமா? போருக்குக் காவலே வேண்டாம்! இவ்வளவு நாள் இரண்டு பேர் காத்த போர் இப்போது அனாதையாக நின்றது. கிளம்பும்போது சாமிதுரை விரலை நீட்டிச் சொன்னார்.

“இன்னொரு தரம் இந்தப் பக்கம் சிவப்பு தெரிஞ்சுது, நேரா போலீஸ்தான்.”

“அவங்களே கொளுத்திட்டு நம்ம தலையில கட்டப் போறாங்கடா” என்று மருதையன் பல்லைக் கடித்தார். கிழக்குத் தெரு இளைஞர்கள் அரிவாளைத் தீட்டி வைத்தார்கள்.

மூன்று மணி வாக்கில் விண்ணரசி ஆடு மேய்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாய்க்காலுக்குப் போனாள். மேட்டூர் அணை இன்னும் திறக்காததால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. சின்னப் பாலத்துக்கு அடியில் நிழலில் யாரோ முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார்கள். வேம்பு!

“ஏய்… அழுவுறியா?”

வேம்பு நிமிர்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. “நான்தான்டி எல்லாத்துக்கும் காரணம். காலையில நான்தான் முதல்ல பார்த்தேன். நெருப்பு நெருப்புன்னு நான்தான் கத்தினேன்.”

விண்ணரசி பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசக்கூடாது என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

“புகை வந்துச்சா?”

“இல்ல.”

“பொறி பறந்துச்சா?”

“அதுவும் இல்ல. இன்னும் விடியவே இல்லடி. இருட்டு. மூங்கிலுக்கு மேல அவ்வளவும் சிவப்பு. சிவப்புகூட இல்ல, செம்பருத்திப் பூவைக் கசக்கின மாதிரி ஒரு கலர்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வெளுத்துச்சு. சூரியன் வந்துச்சு. அது காணாமப் போயிடுச்சு.”

விண்ணரசி சட்டென்று எழுந்தாள். வெளியே வந்து, ஒரு பனைமரத்தின் அடிமரம் சூரியனை முழுசாக மறைக்கும்படி நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தாள். மேகமே இல்லை. ஆனாலும் வானம் நீலமாக இல்லை, பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. மரத்தின் இரண்டு பக்கமும் மங்கலாக ஒரு பழுப்பு நிறம். சூரியனைச் சுற்றி யாரோ பெரிய வட்டம் போட்டு வைத்தது போலிருந்தது.

“வேம்பு, மெக்சிகோடி!”

“என்னது?”

விண்ணரசி மூச்சுவிடாமல் செய்தித்தாளில் படித்ததைச் சொன்னாள். வேம்பு வாயைப் பிளந்து கேட்டாள்.

“அதெல்லாம் சரி. மேல தூசி இருந்தா இருட்டுல எப்படிச் செவக்கும்?”

நல்ல கேள்வி. விண்ணரசிக்கும் தெரியவில்லை. யோசித்தாள். தலையைச் சொறிந்தாள். ஆடு ஒன்று அவள் பாவாடை ஓரத்தை மென்றது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“சாயங்காலம் சூரியன் இறங்கினப்புறம் நம்ம தெருவெல்லாம் இருட்டாயிடும். ஆனா மாதா கோயில் கோபுரத்து உச்சியில மட்டும் கொஞ்ச நேரம் வெயில் இருக்கும், பார்த்திருக்கியா?”

“ஆமா. சிலுவை மட்டும் மினுங்கும்.”

“ஏன்? அது உசரத்துல இருக்கு. நமக்கு மறைஞ்ச சூரியன் அதுக்கு இன்னும் தெரியுது. கோபுரத்துக்கே அப்படின்னா, மேகத்துக்கும் மேல இருக்கிற தூசிக்கு எவ்வளவு நேரம் தெரியும்!”

“அதே மாதிரி காலையில நமக்கு வர்றதுக்கு முன்னாலயே அதுக்குச் சூரியன் வந்துடும்” என்றாள் வேம்பு. கண்ணீர் காய்ந்துவிட்டது. “அப்ப அது நெருப்பே இல்ல!”

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நடுவில் விண்ணரசி மட்டும் சட்டென்று நின்றுவிட்டாள்.

“வேம்பு… காலையில கிழக்கே வந்துச்சு. நாலஞ்சு நாளா மேற்கே கோடை மழை மேகம் மறைச்சுக்கிட்டிருந்துச்சு. இன்னைக்கு மேகம் இல்ல. சாயங்காலம் மேற்கே வரும்.”

“வரட்டுமே.”

“எங்க தெருவுக்கு மேற்கே என்ன இருக்கு?”

வேம்பு ஒரு நொடி யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். கிழக்குத் தெருவுக்கு மேற்கே தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் களம். களத்தில் காவல் இல்லாத வைக்கோல் போர்.

விண்ணரசி வீட்டுக்கு ஓடினாள். அப்பாவிடம் சொன்னாள். “உசரத்துல தூசியா? போய் ஆட்டைக் கட்டும்மா” என்றார் அவர். மருதையனிடம் சொன்னாள். “நீயும் உன் மெக்சிகோவும்!” என்றார் அவர். சித்தப்பாவிடம் சொல்லப் போனவள், அவர் அரிவாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டு பேசாமல் திரும்பிவிட்டாள்.

சூரியன் இறங்கியது. வழக்கம்போல மேற்கு சிவந்தது, வழக்கம்போல மங்கியது. தெருவில் இருட்டு விழுந்தது. அம்மா விளக்கை ஏற்றினாள். ‘ஒருவேளை நான் நினைத்தது தப்போ’ என்று விண்ணரசி வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள்.

அப்போதுதான் அது வந்தது. மங்கிப்போன மேற்கு வானம், ஊதி விட்ட அடுப்பைப்போல மறுபடி சிவக்க ஆரம்பித்தது. சிவப்பு பரவியது. தோப்பின் தென்னை மரங்கள் கன்னங்கரேலென்று தெரிந்தன. எதிர் வீட்டுச் சுவர்கூட ரோஜா நிறமாகிவிட்டது. வேம்பு சொன்னது சரிதான், கசக்கிய செம்பருத்தி நிறம்.

“போர் எரியுது! ஐயோ, போரைக் கொளுத்திட்டாங்க!” என்று யாரோ அலறினார்கள்.

அவ்வளவுதான். கதவுகள் படார் படாரென்று திறந்தன. சித்தப்பா அரிவாளோடு பாய்ந்தார். மருதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடியை எடுத்தார். அப்பாவும் எடுத்தார். எப்போதும் சண்டையை விலக்கிவிடுகிற அப்பா!

“அப்பா, வேணாம்பா! அது நெருப்பு இல்ல! மேற்கேயிருந்து காத்து அடிக்குதே, புகை வாசனை வருதா பாருங்க!”

யார் கேட்டார்கள்? ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். இவர்களை நிறுத்த முடியாது. போகத்தான் போகிறார்கள். கையில் அரிவாளோடு போவார்கள், எதிரே அவர்களும் தடியோடு வருவார்கள்…

கையில் அரிவாளோடு! அவள் திண்டாடியது ஒரு நொடிதான். திரும்பிப் பார்த்தாள். அம்மா சாயங்காலம் பிடித்து வைத்த தண்ணீர்க் குடங்கள் வாசலோரம் வரிசையாக இருந்தன. ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

“நெருப்பை அரிவாளால வெட்டுவீங்களா? எரியறது நம்ம நெல்லு! தண்ணி எடுங்க! குடத்தை எடுங்க!”

மருதையன் நின்றார்.

“புள்ள சொல்றது சரிதானே?” என்றாள் அம்மா. “முதல்ல நெல்லைக் காப்பாத்துங்க, அப்புறம் சண்டை போடுங்க!” என்று ஒரு குடத்தை அப்பாவின் கையில் திணித்தாள்.

தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் குடமும் அண்டாவுமாகக் கிளம்பினார்கள். ஆண்களின் கையிலும் திணித்தார்கள். சித்தப்பாவுக்கு ஒரு பெரிய தவலை கிடைத்தது. அதை இரண்டு கையாலும் தூக்கினால்தான் உண்டு. அவர் அரிவாளைப் பார்த்தார், தவலையைப் பார்த்தார், அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுத் தவலையைத் தூக்கினார்.

தெருவே தண்ணீர் சிந்தச் சிந்தத் தோப்புக்குள் ஓடியது. களத்தை அடைந்ததும் எல்லோரும் திகைத்து நின்றார்கள்.

போர் அப்படியே இருந்தது. ஒரு பொறி இல்லை. சிவந்த வானத்துக்கு முன்னால் யானை படுத்திருப்பதுபோலக் கறுப்பாகக் கிடந்தது.

அதற்குள் கூச்சல் கேட்டு மூங்கில் பக்கமிருந்து மிராசுதாரின் ஆட்கள் ஓடிவந்தார்கள். கையில் தடிகள். முன்னால் துரைராசு ஒரு தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் சாமிதுரை. அவருக்கும் பின்னால், வீட்டில் இருக்கச் சொல்லியும் கேட்காமல், வேம்பு.

“கூட்டமா வந்துட்டீங்களா, போரைக் கொளுத்த!” என்று கத்தினார் துரைராசு.

“கொளுத்தினது நீங்க!” என்றார் மருதையன்.

“எரியவே இல்லையேய்யா!” என்றார் சாமிதுரை.

“அதான், நாங்க வர்றதைப் பார்த்து அணைச்சிட்டீங்க!”

காலையில் கேட்ட அதே பேச்சு, ஆள் மட்டும்தான் மாறியிருந்தது. துரைராசு பந்தத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு அடி முன்னே வந்தார். சித்தப்பா தவலையைக் கீழே வைக்கக் குனிந்தார். விண்ணரசி குடத்தோடு இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தாள்.

“எல்லாரும் மேல பாருங்க! போர் இங்க இருக்கு. சிவப்பு எங்க இருக்கு? இன்னும் மேற்கே, எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க. இங்க வந்தப்புறமும் அது அந்தப் பக்கமே நிக்குது!”

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். சிவப்பு களத்துக்கு மேல் இல்லை. மிராசுதார் வீட்டையும் தாண்டி, வயல்களையும் தாண்டி, வானத்தின் விளிம்பிலிருந்து எழுந்திருந்தது.

“அப்பா” என்றாள் வேம்பு. குரல் மெல்லியதாக இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. “காலையில நான் பார்த்து நெருப்புன்னு கத்தினேனே, அதுவும் இதேதான். அப்ப கிழக்கே இருந்துச்சு. சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வருது. ஜேசுராஜ் அண்ணன் மேல தப்பில்லப்பா.”

“வெடிச்ச மலையோட தூசி மேல நிக்குதுங்கய்யா” என்றாள் விண்ணரசி. “அவ்வளவு உசரத்துல இருக்கிறதால அதுக்கு மட்டும் இன்னும் வெயில் தெரியுது. பேப்பர்ல போட்டிருக்கு. யாரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த வேணாம், கொஞ்ச நேரத்துல அதுவா அணைஞ்சிடும். அணையலேன்னா அப்புறம் அடிச்சுக்குங்க!”

“பார்த்துடலாம்” என்றார் சாமிதுரை.

“நாங்களும் பார்க்கிறோம்” என்றார் மருதையன்.

அப்படி ஒரு காத்திருப்பைக் கோரைக்குடி கண்டதில்லை. ஒரு பக்கம் தடிகள், ஒரு பக்கம் குடங்கள். எல்லாத் தலையும் அண்ணாந்தபடி. விண்ணரசி குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ‘மாதாவே, அணைந்துவிடு என்று சொல்லு’ என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

சிவப்பு கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஓரங்கள் கருநீலமாக மாறின. ஒரு நட்சத்திரம் எட்டிப் பார்த்தது.

“அடங்குதுடோய்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் விண்ணரசியின் மூக்கில் அது ஏறியது. புகை வாசனை! வானத்துச் சிவப்புக்கு வாசனை ஏது? சடாரென்று திரும்பினாள்.

எல்லோரையும்போலத் துரைராசுவும் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றிருந்தார். அவர் கையில் இருந்த பந்தம் தானாகச் சாய்ந்து, போரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இல்லாத நெருப்பை ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இருக்கிற நெருப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

“இப்பதான் நெசமா எரியுது!” என்று அலறினாள் அவள்.

காற்று ஒரு வீசு வீசியது. குப்பென்று தீ ஒரு ஆள் உயரம் எழுந்தது. விண்ணரசி தன் குடத்தை அப்படியே வீசிக் கொட்டினாள். அம்மா கொட்டினாள். அப்பா கொட்டினார். சித்தப்பா தவலையைத் தலைக்குமேல் தூக்கி, ‘ஹோ’ என்று கத்திக்கொண்டு கவிழ்த்தார். தடியோடு வந்தவர்கள் தடியைப் போட்டுவிட்டு, எரிகிற வைக்கோலைக் கையால் பிடுங்கி எறிந்தார்கள். சாமிதுரை தோள் துண்டால் அடித்து அணைத்தார். வேம்பு காலிக் குடங்களை வாங்கி வாங்கி அடிபம்புக்கு ஓடினாள்.

ஒருவழியாக நெருப்பு அடங்கியபோது எல்லோரும் கரியும் ஈரமுமாக நின்றார்கள். யார் எந்தத் தெரு என்று அடையாளமே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வானத்துச் சிவப்பும் போயிருந்தது.

துரைராசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “தெரியாம நடந்துபோச்சுங்க” என்றார் அழாக்குறையாக. அவரை யாரும் திட்டவில்லை. எல்லோரும்தானே அண்ணாந்து பார்த்தார்கள்!

அப்பா போருக்குள் கையை விட்டுப் பார்த்தார். கை சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

“போச்சு. உள்ள வரைக்கும் ஈரம். இப்படியே வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டா சூடேறி, நெல்லு அத்தனையும் முளைச்சிடும். விடிஞ்சதும் பிரிச்சுக் காயப்போட்டு மாடு கட்டியாகணும்.”

“தொடக் கூடாதுன்னு தாசில்தார் சொல்லியிருக்காரே” என்றார் சாமிதுரை.

மருதையன் தன் கரி அப்பிய கையை நீட்டினார். “ரெண்டு பக்கமும் தொட்டாச்சுங்க. அவர் சொன்னபடி பார்த்தா உங்களுக்கும் ஒரு மணி கிடையாது, எங்களுக்கும் கிடையாது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமிதுரைக்கும் உதடு ஒரு ஓரமாக நெளிந்தது. பிறகு அவர் ஈரப் போரைப் பார்த்தார். குடங்களைப் பார்த்தார். பாவாடை முழுக்க நனைந்து, விண்ணரசியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற தன் மகளையும் பார்த்தார்.

“என்கிட்ட மாடு இருக்கு” என்றார் கடைசியில். “இதைப் பிரிச்சுப் போட ஆள் இல்ல.”

“ஆள் நாங்க வர்றோம்” என்றார் அப்பா. “பாதி நெல்லு எங்களுக்குன்னு இங்கயே, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. விடியறதுக்கு முன்னால களத்துல இருப்போம்.”

எல்லோரும் சாமிதுரையின் வாயையே பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பாதிதான். வாங்க.”

சொன்னபடி விடியுமுன்பே இரண்டு தெருவும் களத்தில் கூடின. தாசில்தாருக்கு நடந்ததைச் சொல்ல மருதையனும் துரைராசுவும் ஒரே சைக்கிளில் போவதென்று முடிவாயிற்று. மாடுகளைப் பிணைத்துக்கொண்டிருந்தபோது கிழக்கு வானம் மெல்லச் சிவந்தது. துரைராசு திடுக்கிட்டுக் கயிற்றை விட்டுவிட்டார்.

“பதறாதீங்க” என்றார் மருதையன் ரொம்பத் தெரிந்தவர்போல. “மெக்சிகோதான்.”

விண்ணரசியும் வேம்புவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

மாடுகள் சுற்றின. வைக்கோலுக்கு அடியில் நெல் உதிர்ந்தது. வெயில் ஏறியபோது அப்பா ஒரு முறத்தில் முதல் நெல்லை அள்ளித் தூற்றினார். பதர் பறந்துபோக, மணிகள் பொலபொலவென்று கொட்டின. அவர் ஒரு பிடி எடுத்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, பள்ளிக்கூடம் என்னைக்குத் திறக்குது?”